சோலோனின் அளவுகோலில் வாச்சாத்தி

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயில் தடத்தில், சேர்வராயன் மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது பொம்மிடி. பாப்பிரெட்டிப்பட்டி, கடத்தூர் பக்கத்துக்காரர்கள் சென்னைக்கோ கோவைக்கோ போக இங்கே வந்து ரயிலேறுவார்கள். சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த இந்தத் தடம் 1860களின் தொடக்கத்தில் போடப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தக் கட்டைகள் வேண்டும். நிலக்கரி எளிதில் கிடைக்காத அந்தக் காலத்தில் எஞ்சினில் எரிக்கவும் விறகு வேண்டும். 1856-ல் மதராஸ் மாகாணத்தின் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்ஹார்ன், ரயில்வேக்காக மரங்கள் சாய்வதைப் பற்றிக் கவலையோடு எழுதியிருக்கிறார். அந்தக் கவலையும் அரசின் வருவாய்க் கணக்கும் சேர்ந்து 1882-ல் மதராஸ் வனச் சட்டம் பிறந்தது. முன்னால் இருந்த 'மதராஸ்' போய்த் 'தமிழ்நாடு' வந்திருக்கிறது. சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சேர்வராயன், சித்தேரி மலைகளிலும் அவற்றின் அடிவாரத்திலும் வாழும் மலையாளி பழங்குடியினரின் வாழ்க்கையை அந்தச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டிப் போட்டது. விறகு பொறுக்குவது, ஆடு மாடு மேய்ப்பது, தேன் எடுப்பது, கொத்துக்காடு கொத்திச் சாமையும் தினையும் விதைப்பது எல்லாம் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கங்கள். அவற்றுக்கு இப்போது அனுமதி தேவைப்பட்டது. அனுமதி இல்லாதவர் குற்றவாளி. காட்டுக்குள் பிறந்து வளர்ந்த மனிதர், தன் வீட்டு வாசலிலேயே அத்துமீறியவர் ஆனார்.

ஆள்பவர்கள் தங்களுக்கு ஆதாயமானதைச் சட்டமாக்கி, அதையே நீதி என்று குடிமக்களை நம்ப வைக்கிறார்கள் என்று வாதாடிய ஒருவர் கிரேக்கத்தில் இருந்தார். பெயர் திராசிமாக்கஸ். பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதல் பகுதியில் அவர் சாக்ரடீசோடு ஆவேசமாக மோதுகிறார். வலியவனுக்கு எது நன்மையோ அதுதான் நீதி என்பது அவர் கட்சி. மருத்துவம் நோயாளியின் நலத்துக்காக இருப்பதைப்போல ஆட்சியும் ஆளப்படுபவரின் நலத்துக்காகவே இருக்கிறது என்று சாக்ரடீஸ் பதில் சொல்கிறார். அதோடு வாதம் ஓயவில்லை. பிளேட்டோவின் அண்ணன் கிளாக்கன் இன்னும் கடினமான ஒரு கேள்வியைக் கொண்டுவருகிறார். லிடியா நாட்டில் ஓர் இடையனுக்கு, அணிந்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மோதிரம் கிடைக்கிறது. அவன் அரண்மனைக்குள் புகுந்து, அரசியைத் தன்வசப்படுத்தி, அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்கிறான். யாரும் பார்க்க மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற நிலை வந்தால் எவன் நியாயமாக நடப்பான்? இதுதான் கிளாக்கன் கேட்டது.

இந்த இரண்டு கேள்விகளும் தருமபுரி மாவட்டத்தில் ஒரே நாளில் உயிர் பெற்று வந்தன. அந்த நாள் 1992 ஜூன் 20.

பொம்மிடிக்குக் கிழக்கே, அரூருக்கு அருகே சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. சந்தனக் கடத்தல் தமிழக, கர்நாடகக் காடுகள் முழுக்கப் பேச்சாக இருந்த காலம் அது. மைசூரில் திப்பு காலம் தொட்டே சந்தனம் அரசுக்குரிய மரம். அதன் விலை ஏற ஏற, அதை வெட்டிக் கொழுத்தவர்களின் கையும் நீண்டது. சந்தனக் கட்டை தேடி ஊருக்குள் வந்த வனத்துறையினருக்கும் ஊராருக்கும் தகராறு ஏற்பட்டது. வனத்துறை ஊழியர் ஒருவர் அடிபட்டார். அதன் பிறகு வந்த படையில் 155 வனத்துறையினர், 108 போலீஸார், 6 வருவாய்த்துறையினர், ஆக மொத்தம் 269 பேர் இருந்தார்கள். ஊராரை வீடு வீடாக இழுத்து வந்து ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியும் இருந்தாள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் அரூர் வனத்துறை அலுவலகத்துக்கும் பிறகு சேலம் சிறைக்கும் கொண்டுசெல்லப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் சிதறடிக்கப்பட்டது, ஆடு கோழிகள் வெட்டப்பட்டன, கிணறுகள் குடிக்க முடியாதபடி பாழாக்கப்பட்டன. தப்பியவர்கள் காட்டுக்குள் ஒளிந்தார்கள். மாதக்கணக்கில் அந்த ஊரில் விளக்கெரியவில்லை.

அரசுத் தரப்பு எல்லாவற்றையும் மறுத்தது. சீருடை, கூட்டம், அரசாங்கத்தின் மறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் லிடியா இடையனின் மோதிரம் ஆகிவிடும் என்பதை வாச்சாத்தி காட்டியது. பட்டப்பகலில், நூற்றுக்கணக்கானவர்கள் பார்க்க நடந்த ஒன்று, அதிகாரக் காகிதங்களில் நடக்காததாக இருந்தது.

"அவர்கள் சந்தனம் கடத்தியவர்கள்தானே?" என்ற முணுமுணுப்பும் உடன் எழுந்தது. படித்தவர்கள் மத்தியிலும் எழுந்தது என்பதுதான் வேதனை. இந்த முணுமுணுப்புக்குச் சரியான பதிலை அரிஸ்டாட்டில் 'நிகோமாக்கிய அறவியல்' நூலின் ஐந்தாம் பகுதியில் எழுதி வைத்திருக்கிறார். நீதியை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். பதவி, செல்வம், மரியாதை போன்றவற்றைப் பங்கிடும் நீதி ஒன்று. அங்கே யாருக்கு என்ன தகுதி என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்யும் நீதி மற்றொன்று. இங்கே தகுதிக்கு இடமே இல்லை. நல்லவன் கெட்டவனை ஏமாற்றினானா, கெட்டவன் நல்லவனை ஏமாற்றினானா என்பது நீதிபதிக்குத் தேவையில்லாத சங்கதி. இருவரையும் சமமாக வைத்து, யார் தீங்கு செய்தார், யார் தீங்கு பட்டார், தீங்கு எவ்வளவு என்று மட்டுமே பார்க்க வேண்டும். இந்த வழியில் யோசித்தால், வாச்சாத்தியில் யாராவது சந்தனம் வெட்டினார்களா என்பது வேறொரு வழக்கு. அதை ஏரிக்கரையில் நடந்ததோடு முடிச்சுப் போடவே முடியாது. தீங்கு பட்டவரின் நடத்தையைத் தராசில் ஏற்றுவது, தீங்கு செய்தவருக்குச் சலுகை கொடுப்பது. வன்கொடுமை வழக்குகள் பலவற்றில் இன்றும் இதுதான் நடக்கிறது.

இனி சோலோன். கி.மு. 594-ல் ஏதென்ஸின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்தவர். கடனை அடைக்க முடியாத ஏழை விவசாயிகள் பணக்காரர்களுக்கு அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. சோலோன் அந்தக் கடன்களை ரத்து செய்தார். மனித உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடை செய்தார். (இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல்.) அவர் செய்தவற்றில் மக்களாட்சிக்கு அடித்தளமானவை மூன்று என்று 'ஏதென்ஸ் அரசமைப்பு' என்ற பழைய நூல் எண்ணுகிறது. கடன் அடிமை முறைக்குத் தடை ஒன்று. மக்கள் மன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை இன்னொன்று. தீங்கு பட்டவருக்காக, விரும்பும் எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம் என்பது மற்றொன்று.

இந்தக் கடைசி ஏற்பாட்டின் அருமையை இன்று உணர்வது கடினம். பாதிக்கப்பட்டவன் ஏழை, பயந்தவன், அடிபட்டுக் கிடப்பவன். அவனே வழக்குப் போட வேண்டும் என்றால் வலியவனுக்கு எதிராக வழக்கே வராது. அதனால் சோலோன் கதவை அகலத் திறந்து வைத்தார். சிறந்த முறையில் ஆளப்படும் நகரம் எது என்று அவரிடம் கேட்டபோது, தீங்கு படாதவர்களும் தீங்கு பட்டவர்களைப்போலவே முனைந்து நின்று குற்றவாளியைத் தண்டிக்கச் செய்யும் நகரமே என்று அவர் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கண்டபடி வழக்குப் போடுவதற்கும் பின்னாளில் ஏதென்ஸ் கடிவாளம் வைத்திருந்தது. இப்படிப் பொதுவில் வழக்குத் தொடுத்தவர் நடுவர்களின் வாக்கில் ஐந்தில் ஒரு பங்குகூடப் பெறாவிட்டால் 1,000 திராக்மா அபராதம் கட்ட வேண்டும்.

வாச்சாத்தியில் சோலோனின் வழியில் நடந்தவர்கள் யார்? தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அந்த ஊரைத் தேடிப் போனார்கள். சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான பெ. சண்முகமும், அரூரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் மு. அண்ணாமலையும் கண்டதையும் கேட்டதையும் வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் வாச்சாத்திக்காரர் அல்ல. அவர் வீட்டுக் கதவை யாரும் உடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பி. பாமதி நேரில் போய் விசாரித்து, நடந்ததை நடந்தபடி 1992-லேயே அறிக்கையாக எழுதினார். அரசாங்கத்தின் ஓர் அங்கம் மறுத்துக்கொண்டிருந்ததை இன்னோர் அங்கத்தில் இருந்த ஒருவர் உண்மை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் துணிவைப் பெரிதும் போற்ற வேண்டும். உயர் நீதிமன்றம் 1995-ல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட அந்த அறிக்கை உறுதியான ஆதாரமாக நின்றது.

இது நடந்திருக்க முடிந்ததற்கு, அதற்குப் பத்தாண்டு முன்பே இந்திய நீதிமன்றங்கள் கதவை அகலப்படுத்தியிருந்ததும் காரணம். வி.ஆர். கிருஷ்ணய்யர், பி.என். பகவதி போன்ற நீதிபதிகள், பாதிக்கப்பட்டவர் வர முடியாதபோது அவர் சார்பில் பொதுநல நோக்குள்ள வேறொருவர் வரலாம் என்ற வழியைத் திறந்தார்கள். 1981-ல் எஸ்.பி. குப்தா வழக்கில் அது தெளிவான தீர்ப்பாகவே எழுதப்பட்டது. பொதுநல வழக்கு என்று நாம் அழைப்பது, சோலோன் ஏதென்ஸ்காரர்களுக்குக் கொடுத்த உரிமைக்கு மிக நெருங்கிய உறவு.

ஆனால் வழக்கு என்பது வெள்ளம் வந்த பிறகு போடும் அணை. ஏதென்ஸ் இன்னொன்றும் செய்தது. அங்கே அநேகமாக எல்லா அதிகாரிகளுக்கும் பதவிக்காலம் ஓராண்டுதான். ஆண்டு முடிந்ததும் ஒவ்வொருவரும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். முதலில் பணக் கணக்கு. அது முடிந்தபின் நடத்தைக் கணக்கு. குலுக்கலில் தேர்ந்தெடுத்த கணக்காய்வாளர்கள், ஒவ்வொரு குலத்தின் காவல் வீரருக்கும் எழுப்பிய சிலையின் அருகே சந்தை கூடும் நேரத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அதிகாரி தனக்கோ ஊருக்கோ தீங்கு செய்தார் என்று நினைக்கும் எவரும் வரலாம். சுண்ணாம்பு பூசிய பலகையில் தன் பெயர், அதிகாரியின் பெயர், செய்த குற்றம், தர வேண்டிய தண்டனை ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் போதும். இந்த விவரங்களையும் 'ஏதென்ஸ் அரசமைப்பு' நூலே தருகிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து அந்த நூலை மீட்டுப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1891-ல்தான் வெளியிட்டது. மதராஸ் வனச் சட்டத்தை எழுதியவர்களுக்கு அதைப் படிக்கும் வாய்ப்பே இருக்கவில்லை.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சந்தைக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. தாலுகா அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தி நடக்கும். பசலி ஆண்டு முடியும் தருவாயில் கிராமக் கணக்குகளை மேலதிகாரி முன்னால் விரித்து வைப்பார்கள். மக்கள் பட்டா, ஓய்வூதியம், பாதைத் தகராறு என்று மனுவோடு வரிசையில் நிற்பார்கள். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம். பொம்மிடியிலிருந்து முதல் பஸ் பிடித்து அதற்காகத் தருமபுரி போகிறவர்கள் உண்டு. ஆட்சியரே கிராமத்துக்கு வந்து மனு வாங்கும் நாளுக்கு அரசாங்கம் மனுநீதி நாள் என்று பெயர் வைத்திருக்கிறது.

அந்தப் பெயரைத் தந்த சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசு மணியை இழுத்ததும், அந்தக் கன்றின்மேல் தேரோட்டிச் சென்ற தன் மகன்மீதே தேரை ஏற்றியவன் அவன். அதிகாரம் தன் சொந்தப் பிள்ளையைத் தண்டிக்குமா என்பதுதான் அந்தக் கதையின் உயிர்நாடி. வாச்சாத்தியின் உயிர்நாடியும் அதுவே. ஆனால் கதையில் எல்லாமே ஒரு மன்னனின் மன உயரத்தை நம்பி நிற்கிறது. மணியைக் கட்டியவனும் அவன், கேட்டவனும் அவன், தீர்ப்பளித்தவனும் அவன். மன்னன் காதைப் பொத்திக்கொண்டால் பசுவுக்கு வேறு வழி கிடையாது. ஏதென்ஸ்காரர்கள் யாருடைய மன உயரத்தையும் நம்பவில்லை. அதனால்தான் பலகையையும் சுண்ணாம்பையும் நம்பினார்கள். ஜமாபந்தியிலும் குறைதீர்க்கும் நாளிலும் மக்கள் அதிகாரியிடம் ஒன்றைக் கேட்டு நிற்கிறார்கள். ஏதென்ஸ் சந்தையில் அதிகாரி மக்கள் முன் பதில் சொல்லி நின்றார். இரண்டும் ஒன்றல்ல.

ஜமாபந்தியும் மாவட்ட ஆட்சியரும் இந்த மண்ணில் வேர்விட்ட கதையும் இங்கே சொல்லத் தக்கது. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடக்கம். கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே நிலம் அளந்து, விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைப் பழகினார். பின்னாளில் அவருடைய யோசனைப்படிதான் 1816-ல் வரி வசூலிக்கும் கலெக்டரின் கையிலேயே போலீஸும் மாஜிஸ்திரேட் அதிகாரமும் சேர்ந்தன. குடியானவனுக்கு ஒரே இடத்தில் வேலை முடியும் என்பது மன்றோவின் நியாயம். அவர் ஏழை விவசாயியின் நிலையை அறிந்தவர்தான். ஆனால் வரி, காவல், தண்டனை மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது அந்தக் கையைப் பற்றி யாரிடம் புகார் சொல்வது? இந்திய அரசியலமைப்பின் 50-ஆவது பிரிவு நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொன்னது இதனால்தான். 1992-ல் வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் ஒன்றாக வந்தன என்பதை இந்தப் பின்னணியில் படிக்கலாம். ஒரு துறையின் தவறை இன்னொரு துறை தடுக்கும் என்ற நம்பிக்கை அந்த நாளில் முற்றிலும் பொய்த்துப்போனது.

சாக்ரடீஸ் நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கும் இங்கே வெளிச்சம் தருகிறது. கி.மு. 406-ல் ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலில் மூழ்கிக்கொண்டிருந்த மாலுமிகளைத் தளபதிகள் காப்பாற்றவில்லை என்று ஊர் கொதித்தது. எட்டுத் தளபதிகளையும் ஒரே வாக்கெடுப்பில் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கத்தில் இருந்த நெறி. அன்றைய அவைக்குழுவில் இருந்த சாக்ரடீஸ் மட்டும் கூச்சலுக்கு அஞ்சாமல் எதிர்த்து நின்றார். பலனில்லை. ஊர் திரும்பியிருந்த ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பிறகு ஏதென்ஸ் அதற்காக வருந்தியது.

ஒரு கூட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தண்டிப்பது எளிது. அதைத்தான் 269 பேர் ஓர் ஊருக்குச் செய்தார்கள். அந்த 269 பேரையும் நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. யார் அடித்தார், யார் வீட்டை இடித்தார், யார் ஏரிக்கரைக்குப் போனார், யார் சாட்சியங்களை மறைத்தார் என்று ஒவ்வொருவரின் குற்றமும் தனியாக எடைபோடப்பட்டது. பாதிக்கப்பட்ட பெண்களே அடையாளம் காட்டினார்கள். தருமபுரி மாவட்ட முதன்மை நீதிபதி எஸ். குமரகுரு 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தார். அதற்குள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள். வனத்துறையில் 126 பேர், காவல்துறையில் 84 பேர், வருவாய்த்துறையில் 5 பேர். பாலியல் வன்கொடுமைக்காக 17 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. இந்திய வனப் பணி அதிகாரிகள் நால்வரும் தண்டனைப் பட்டியலில் இருந்தார்கள். ஒரே வழக்கில் இத்தனை அரசு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டதை இந்திய நீதி வரலாற்றின் மிக அரிய நிகழ்வுகளில் ஒன்றாகச் சொல்லலாம்.

காலத்தைப் பொறுத்தவரை ஏதென்ஸ் நம்மை வெட்கப்பட வைக்கும். அங்கே 501 பேர் போன்ற பெரிய நடுவர் குழு, வாதத்தை அளக்க நீர்க்கடிகாரம், அதிகாலையில் தொடங்கினால் அன்றைக்கே தீர்ப்பு. வாச்சாத்தி வழக்கில் முதல் தீர்ப்புக்கே 19 ஆண்டுகள் ஆயின. சிறுமியாக இருந்தவள் அதற்குள் குழந்தைகளுக்குத் தாயாகியிருப்பாள். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்து ஏதென்ஸை மெச்ச முடியாது. அந்த 501 பேரில் ஒரு பெண்கூட இருக்க முடியாது. பெண் தானாக நீதிமன்றத்தில் வழக்காட முடியாது. அவளுக்காக ஓர் ஆண் பேச வேண்டும். அடிமையின் சாட்சியம் வேண்டுமென்றால் சித்திரவதை செய்து வாங்குவார்கள். அயலூரிலிருந்து வந்து குடியேறியவருக்கு வாக்கில்லை. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் நீதியைப் பற்றி எழுதிய ஊரில் வாச்சாத்திப் பெண்களுக்கு நிற்க ஓர் இடம் இருந்திருக்காது. கிரேக்க நீதியை இன்றைய ஆட்சிக்குப் பொருத்திப் பேசுகிறவர்கள் இந்த உண்மையை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது. எழுத்தறிவே அதிகமில்லாத மலையடிவாரப் பெண்கள் ஆண்டுக்கணக்காகக் கோர்ட் படியேறி, குறுக்கு விசாரணையில் அவமானப்படுத்தும் கேள்விகளைத் தாங்கி, சொன்னதைச் சொன்னபடி நின்று சொன்னார்கள். ஏதென்ஸ் எட்டாத உயரம் அது.

தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அந்த வழக்குகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் மாதத்தில் நேரே வாச்சாத்திக்கே வந்தார். மரம், ஏரி, வீடுகள், வழிகள் எல்லாவற்றையும் பார்த்தார். அரிஸ்டாட்டில் சொல்லும் ஈயக் கோல் இங்கே நினைவுக்கு வரும். லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் ஈயத்தாலான அளவுகோலைப் பயன்படுத்துவார்களாம். விறைத்து நிற்கும் கோல் கரடுமுரடான கல்லின் வடிவத்தைக் காட்டாது. ஈயக் கோல் கல்லோடு வளைந்து அதன் உருவத்தை அப்படியே ஏற்கும். சட்டம் பொதுவாக எழுதப்படுவதால் எல்லா நிலைமையையும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது, அதனால் நியாயம் பார்ப்பவர் நடந்ததன் வடிவத்துக்குப் பணிந்து அளக்க வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன உவமை இது. தலைநகரில் உட்கார்ந்து கோப்புகளைப் படித்தாலே சட்டப்படி போதும் என்ற நிலையிலும், ஒரு நீதிபதி ஏரிக்கரை வரை நடந்தது அந்த வகையைச் சேர்ந்த செயல்.

2023 செப்டம்பர் 29 அன்று, முதல் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்த நாளில், அவர் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். பெண்களின் சாட்சியம் ஒன்றுக்கொன்று இசைவாகவும் நம்பத்தக்கதாகவும் இருக்கிறது என்றார். பெரும்புள்ளிகளைக் காப்பாற்ற அப்பாவி ஊரார் பலியாக்கப்பட்டதையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. இறந்துவிட்டவர் என்றால் குடும்பத்துக்கு. அதில் பாதியை, அதாவது 5 லட்சத்தை, வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு வேலையோ சுயதொழில் வாய்ப்போ அரசு தர வேண்டும். தீங்கு செய்தவன் பெற்ற லாபத்தைப் பிடுங்கித் தீங்கு பட்டவனின் நஷ்டத்தை நிரப்புவதுதான் சரிசெய்யும் நீதி என்றார் அரிஸ்டாட்டில். ஏரிக்கரையில் இழந்ததை எந்தத் தொகையாலும் நிரப்ப முடியாதுதான். ஆனால் பாதிப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து அல்லாமல் குற்றவாளியின் பையிலிருந்து வர வேண்டும் என்பதில் அந்தப் பழைய கணக்கின் சாயல் தெளிவாக இருக்கிறது.

அதே தீர்ப்பில் இன்னோர் உத்தரவும் உண்டு. சம்பவம் நடந்தபோது பொறுப்பில் இருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது அரசுக்குச் சொன்னது. இழப்பீட்டைச் செய்தித்தாள்கள் தலைப்பாக்கின. இந்த உத்தரவு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆட்சி முறையைப் பொறுத்தவரை இதுவே தீர்ப்பின் முதுகெலும்பு. கீழ்நிலைக் காவலரும் வனக் காவலரும் சிறைக்குப் போவதை நாடு பார்த்திருக்கிறது. மேலே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டவரைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். அரசு ஊழியர்மீது வழக்குத் தொடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆவது பிரிவில் பல காலம் மதில்போல் நின்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 218-ஆவது பிரிவு. 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று இப்போது சேர்த்திருக்கிறார்கள். மதிலில் ஒரு வாசல் வைத்ததாக அதைக் கொள்ளலாம்.

ஏதென்ஸில் மிக உயரத்தில் இருந்தவர் பெரிகிளிஸ். கி.மு. 430-ல், போரும் கொள்ளைநோயும் ஊரை வாட்டிக்கொண்டிருந்தபோது, அவரைப் பதவியிலிருந்து இறக்கி, விசாரித்து, அபராதம் விதித்தார்கள். அடுத்த ஆண்டே அவரை மறுபடியும் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய மனிதரைக் கணக்குக் கேட்பதை அந்த ஊர் அவரைப் பழிவாங்குவதாக நினைக்கவில்லை. கீழ்நிலை அதிகாரி முதல் தளபதி வரை எல்லாருக்கும் பொதுவான நடைமுறை அது. பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவிலோ அரூர் தாலுகாவிலோ அடுத்த ஜமாபந்தி கூடும்போது, கிராமக் கணக்கு மட்டும் மேசைக்கு வரும். அந்தக் கணக்கை எழுதியவர், கையெழுத்திட்டவர், காட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் ஆள் அனுப்பியவர் ஆகியோரின் நடத்தைக் கணக்கைக் கேட்டு வாங்கும் மேசை இன்னும் போடப்படவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கிராமசபையில் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. வேலை செய்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஊர் முன்னால் உரக்க வாசிக்கப்பட்டது. பொய்ப் பெயர் வந்தால் எழுந்து நின்று சொல்ல முடிந்தது. அந்த உரிமையை வனத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் நீட்ட வேண்டும் என்று கேட்க, வாச்சாத்திக்காரர்களைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் யாரும் இல்லை.